வைகாசியில் மரத்தின் மேல் கை வைக்காதீர்கள்: கௌடெங் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்தில், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வட்டாரத் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், தோட்ட வேலைக்கு ஆள் அமர்த்தும் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சித்திரைப் பிறப்பு முடிந்து பந்தல் பிரித்தாகிவிட்டது. வழக்கப்படி அடுத்த கூட்டத்தில் "வளாகத்தைச் சுத்தம் செய்தல்" என்று ஒரு வரி வரும். யாராவது ஒருவர் கைவசம் மரம் வெட்டும் ஆளின் நம்பர் இருக்கும். மே மாத நடுவில் ஒரு நாள் பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டி வந்து நிற்கும், செயின்சா கத்தும், சாயங்காலத்துக்குள் வளாகத்தில் உள்ள அத்தனை மரமும் ஒரே உயரத்துக்கு மொட்டையாகிவிடும். உதிர்ந்த இலையெல்லாம் கறுப்புப் பையில் அடைபட்டு வாசலுக்குப் போய்விடும். இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். அதை இந்த மாத நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்துப் புரட்டாசிக்குத் தள்ளி வையுங்கள் என்பது என் வேண்டுகோள்.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல், வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு வந்து உழைக்கிறவர்கள். அதனால் குற்றப் பத்திரிகையாக இதைப் படிக்க வேண்டாம். ஒவ்வொரு கோயிலாக நின்று நேரில் சொல்லிப் பார்த்ததில் "ஆகட்டும் தம்பி, பார்க்கலாம்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. சரி, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம்முடைய பழமொழிக் கணக்கு இந்த ஊரில் தலைகீழ். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இங்கே தையும் மாசியும் இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டுகிற கோடை. தரையைத் துளைப்பது ஆனிப் பனி. ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் விதை மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஒன்றுதான் கடல் தாண்டியும் பொய்க்கவில்லை. ஆகஸ்ட் மாதக் காற்று கூரைத் தகரத்தை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஆகஸ்ட் 7 ஒரு ஆடிச் செவ்வாய். அன்றைக்குத்தான் ஜோகன்னஸ்பர்க்கில் வெண்பனி கொட்டியது. அப்புறம் 2023 ஜூலை 10 அன்று மறுபடியும் கொட்டியது. பிள்ளைகள் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி ஆடினார்கள்.

ஆனால் வெண்பனி எப்போதோ வந்து போகிற விருந்தாளி. மரத்தைக் கொல்வது, பேப்பரில் படம் வராத சாதாரண உறைபனிதான். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, அங்கே உறைபனி கிடையாது. நாம் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 முதல் 1,700 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் மழையும் இல்லை, மேகமும் இல்லை. பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் இரவில் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. மே நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை எந்த இரவிலும் உறைபனி இறங்கலாம். சில வருஷம் செப்டம்பரிலும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். நான் இருக்கும் லெனேசியாவில் ஜூன் மாதம் விடிகிற நேரத்தில் வெளியே வந்தால் கார்க் கண்ணாடி வெள்ளை பூத்திருக்கும், கிக்கூயூப் புல் செருப்புக்கடியில் நொறுங்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நிற்கலாம். இந்தப் பகல் வெயில்தான் மரத்தை ஏமாற்றுகிறது, நம்மையும் சேர்த்து.

உறைபனி ஒரு இலையை எப்படிக் கொல்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. முதலில் செல்களுக்கு இடையில் இருக்கிற ஈரம் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றி, அதன் சவ்வு கிழிந்துபோகிறது. காலையில் வெயில் பட்டதும் இலை வேகவைத்த கீரை மாதிரி தொய்ந்து, மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். முற்றிய இலைக்கும் முதிர்ந்த கிளைக்கும் இதைத் தாங்க ஓரளவு தெம்பு உண்டு. தளதளவென்று நீர் கோத்திருக்கும் கொழுந்துக்குத் துளியும் கிடையாது. ஒரே மரத்தில் ஒரே இரவில் முற்றிய கிளை பிழைத்துக்கொள்ள, பக்கத்தில் இருக்கும் தளிர் கருகிப்போவது இதனால்தான்.

மரத்துக்கு இது தெரியும். மார்ச் கடைசியிலிருந்தே பகல் சுருங்குவதைக் கண்டுகொண்டு, புதுத் தளிர் விடுவதை நிறுத்தி, இருக்கிற கிளையை முற்ற வைத்து, சேர்த்த மாவுச்சத்தைத் தண்டிலும் வேரிலும் பத்திரப்படுத்துகிறது. இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது நாம் செயின்சாவோடு போய் நிற்கிறோம். கிளையின் நுனி இருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியை வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். மே மாதப் பகலோ 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். மரம் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்துத் தளிர்க்கும். ஜூனில் அத்தனையும் கருகும். ஆகஸ்டில் நாலு நாள் வெயில் அடித்தால் மறுபடி தளிர்க்கும், கடைசி உறைபனி அதையும் கொண்டுபோகும். மூன்று நான்கு வருஷம் இப்படியே நடந்தால் பெரிய மரமும் ஓய்ந்துவிடும். அப்போது நாம் சொல்வது: "குளிரில் செத்துப்போச்சு."

போன குளிர்காலத்தில், ஊர்பேர் வேண்டாம், நகரத்தின் தெற்குப் பக்கத்துக் கோயில் ஒன்றில் இதைக் கிட்டே நின்று பார்த்தேன். மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு மாமரம், இடுப்பு உயரத்தில் வெட்டியிருந்தார்கள். வெட்டிய விளிம்பைச் சுற்றிலும் விரல் நீளத்துக்குச் செம்புநிறத் தளிர்கள் கிளம்பியிருந்தன. ஜூன் கடைசி அது. ஒவ்வொரு தளிரும் நுனியிலிருந்து பாதி வரை தீக்குச்சி எரிந்த நிறத்தில் தலைகுனிந்து நின்றது. பக்கத்துச் சந்தில், யாரும் எட்டாததால் வெட்டாமல் விட்ட இன்னொரு மாமரம். அதன் வெளிப்பக்க இலைகள் ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியிருந்தன, உள்ளே எல்லாம் பச்சை. இரண்டுக்கும் நடுவில் நாலு தப்படிதான் இருக்கும். ஒரே மண், ஒரே குளிர்.

நிர்வாகத் தரப்பில் சொல்லப்படும் காரணங்களும் எனக்குத் தெரியும். இலை உதிர்ந்து கூரை வாய்க்கால் அடைக்கிறது என்பது நியாயம்தான். அதற்கு வாய்க்காலைச் சுத்தம் செய்தால் போதும், மரத்தை வெட்ட வேண்டாம். ஆடியில் பாரிஜ் பிரேயருக்கு, அதாவது அம்மனுக்குக் கூழ் வார்க்கும் பூசைக்கு, கூடாரம் போட இடம் வேண்டும் என்கிறீர்கள். கூடாரத்தின் மூலையில் இடிக்கும் கிளை ஒன்றோ இரண்டோ இருக்கும், அதை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள், மீதியைத் தொடாதீர்கள். காய்ந்த கிளை, முறிந்து தொங்குகிற கிளை, மின்கம்பியில் உரசுவது, இவற்றுக்கெல்லாம் மாதம் பார்க்க வேண்டியதில்லை, உடனே எடுங்கள். குளிர்காலத்தில் மரம் வெட்டுகிறவர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள் என்று ஒரு பொருளாளர் சொன்னார். அது உண்மைதான். செத்த மரத்தை வேரோடு பெயர்த்துப் புதுக்கன்று வாங்கி நடுகிற செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. மே மாதம் வெட்டிவிட்டால் ஆடித் திருவிழாவுக்குள் வேப்பிலை புதுசாகத் துளிர்த்துவிடும் என்ற நம்பிக்கை. இங்கே பல கோயில்களில் அம்மனுக்கு வேப்பிலை என்று பறிப்பது மலைவேம்பு, உள்ளூரில் சிரிங்கா என்கிற மரம். அது இலையுதிர் மரம். வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஆடியில் அதில் ஒரு இலைகூட இருக்காது, மஞ்சள் காய்கள்தான் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்தக் காயில் விஷம் உண்டு, சின்னப் பிள்ளைகள் பொறுக்கி வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவிர, தென்னாப்பிரிக்கச் சட்டம் அதை அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இருப்பது இருக்கட்டும் என்றாலும் புதிதாக நட வேண்டாம். உண்மையான வேம்பு உறைபனிக்கு ரொம்பவும் பயந்த மரம். இந்த உயரத்தில் அதைத் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வடக்குப் பார்த்த ஸ்டூப்பில், அதாவது திண்ணையில், ஏற்றி வைப்பதுதான் வழி. ஆடிக்கு டர்பனிலிருந்து வரவழைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. எப்படியும் வாராவாரம் யாராவது அங்கே போய்விட்டுத்தானே வருகிறோம்.

டர்பன் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஈஸ்டர் விடுமுறைக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு இங்கிருந்து எத்தனை குடும்பங்கள் போகின்றன! திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு முருங்கை, கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களானால் ஒரு மாங்கன்று. அதைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது நல்ல எண்ணம், சந்தேகமில்லை. நீங்களும் அன்போடு வாங்கி அன்றைக்கே நட்டுவிடுகிறீர்கள். கடலோரச் சூட்டில் வளர்ந்த கன்று, வேர் பிடிக்க ஒரு மாத அவகாசம்கூட இல்லாமல் உறைபனியில் மாட்டிக்கொள்கிறது. வாங்கி வையுங்கள், ஆனால் நடாதீர்கள். பையிலோ தொட்டியிலோ வைத்து, சுவர் ஓரம் கூரைக்கடியில் குளிரைக் கடத்திவிட்டு, அக்டோபரில் மழை ஆரம்பித்ததும் நடுங்கள். கொடுத்தவர் பெயரைத் தொட்டியில் எழுதி வைத்தால் அவருக்கும் திருப்தி.

எல்லா மரத்துக்கும் ஒரே விதி கிடையாது என்பதை ஒப்பந்தக்காரர்கள் கேட்க விரும்ப மாட்டார்கள், ஒரே நாளில் முடித்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்குச் சௌகரியம். பீச், பிளம், திராட்சை மாதிரி குளிரை விரும்புகிறவை குளிர்காலத்தில் தூங்கும். அவற்றை ஜூலை, ஆகஸ்டில் கவாத்து செய்யலாம், செய்யவும் வேண்டும். மா, எலுமிச்சை, கொய்யா, அவகாடோ, கறிவேப்பிலை, முருங்கை இவற்றையெல்லாம் கடைசி உறைபனி போனபிறகுதான் தொட வேண்டும். வில்வம் நம் ஊர் மரங்களிலேயே கொஞ்சம் கெட்டிக்காரன், வளர்ந்த மரம் குளிரை ஓரளவு சமாளித்துக்கொள்ளும், இளங்கன்றுக்குத்தான் காவல் வேண்டும். சிவராத்திரி இங்கே கோடையில் வருவதால் அப்போது வில்வ இலைக்குப் பஞ்சமும் இல்லை. வாழையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாதீர்கள். கருகிய இலை அசிங்கமாகத் தொங்கினாலும் தொங்கட்டும், அதுதான் குருத்துக்குக் குடை. செப்டம்பரில் அறுத்துக்கொள்ளலாம்.

கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு வார்த்தை, ஏனென்றால் அநியாயமாகச் சாவது அதுதான். அன்னதானத்துக்குக் கட்டுக் கட்டாகத் தேவைப்படுகிறது என்று ஏப்ரல், மே வரை ஒடித்துக்கொண்டே இருக்கிறோம். ஏப்ரலோடு நிறுத்திவிடுங்கள், இருக்கிற இலையை வைத்து அது தண்டைத் தேற்றிக்கொள்ளட்டும். ஜூலையில் இலையெல்லாம் மஞ்சளித்துக் கொட்டி, குச்சி குச்சியாக நிற்கும். பார்த்தால் பிணம் மாதிரிதான் இருக்கும். பிடுங்கிவிடாதீர்கள். கட்டைவிரல் நகத்தால் தண்டில் லேசாகக் கீறிப் பாருங்கள். பட்டைக்குக் கீழே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனியில் பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே கீறுங்கள். தண்டு முழுவதும் போய்விட்டாலும் வேரிலிருந்து கிளம்பும் குணம் அதற்கு உண்டு. ஒரு கோயிலில் ஜூலை மாதம் "பட்டுப்போச்சு" என்று தோண்டி எடுத்துக் குப்பை மேட்டில் போட்டிருந்த கறிவேப்பிலையைக் கீறிப் பார்த்தேன், முழங்கை உயரம் வரை பச்சை. ஐப்பசி பிறக்கும்வரை எந்த மரத்துக்கும் மரணச் சான்றிதழ் எழுதாதீர்கள்.

இனி, வெட்டாமல் விட்ட மரத்தைக் குளிருக்குத் தயார் செய்வது. உரத்தை இப்போதே நிறுத்திவிடுங்கள். லேன், 2:3:2 என்று கடையில் விற்கும் உரம், கோழி எரு, எதுவானாலும் பிப்ரவரிக்குப் பிறகு தழைச்சத்து கொடுத்தால் அது கொழுந்தாகத்தான் வெளியே வரும், கொழுந்துக்கு என்ன கதி என்று மேலே சொல்லிவிட்டேன். மூட்டை மிச்சமிருந்தால் அப்படியே கட்டி வையுங்கள், செப்டம்பரில் வேலைக்கு ஆகும்.

தண்ணீரைத்தான் ஆளாளுக்கு மறந்துவிடுகிறோம். வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலம் என்றால் ஈரம், சேறு, வெண்பனி. நமக்குக் குளிர்காலம் என்றால் வறட்சி. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. எலுமிச்சை, மா போன்ற பசுமை மாறா மரங்கள் இலையோடு நிற்பதால் தாகம் நிற்பதில்லை. குளிரில் செத்தது என்று நாம் நினைக்கும் மரங்களில் பாதி தாகத்தில் செத்தவை என்று நான் நினைக்கிறேன். ஈர மண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: காய்ந்த மண்ணைவிட அது பகல் சூட்டை அதிகமாகப் பிடித்துவைத்து இரவில் மெதுவாக விடும். இளம் மரத்துக்குப் பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாளித் தண்ணீர், வேர் பரவியிருக்கும் அகலத்துக்கு ஊற்றினால் போதும். காலையில் ஊற்றுங்கள், சாயங்காலம் வேண்டாம். போதுமா என்று பார்க்க ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். ஒரு சாண் சிரமமில்லாமல் இறங்கினால் ஈரம் இருக்கிறது. இலை கொட்டித் தூங்கும் மரத்துக்கு, கறிவேப்பிலை உட்பட, இதைவிடக் குறைவாகப் போதும், சொதசொதவென்று வைத்தால் வேர் அழுகும். குழாயில் தண்ணீர் வராத நாள்கள் பற்றி எனக்கும் தெரியும். கோடை முடியும்போது நிரம்பியிருக்கும் ஜோஜோ மழைநீர்த் தொட்டியை வளாகம் கழுவத் தீர்த்துவிடாமல் மரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடாக்கு விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கறுப்புப் பையில் கட்டி அனுப்புகிறோமே, அந்த இலைச் சருகுதான் நல்ல மூடாக்கு. நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினால் வேர்ப் பகுதியின் ஈரமும் வெதுவெதுப்பும் காப்பாற்றப்படும். முருங்கை, வாழை, கறிவேப்பிலை போல அடியிலிருந்து மறுபடி கிளம்பக்கூடியவற்றுக்கு இது உயிர்க்காப்பு. ஆனால் மூடாக்கு மண்ணின் சூட்டை மேலே வரவிடாது என்பதால், அதற்கு மேலே இருக்கும் காற்று இன்னும் குளிரும். அதனால் இலையும் கிளையும்தான் முக்கியம் என்கிற எலுமிச்சைக்கும் இளம் மாமரத்துக்கும் அடியில் ஜூன், ஜூலையில் மண்ணை வெறுமையாக, ஈரமாக விட்டுவிடுவது மேல். எதற்குப் போட்டாலும் தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். தண்டோடு குவித்தால் பட்டை அழுகும்.

போர்த்துவதிலும் நம்மவர்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. பிளாஸ்டிக் தாளை மரத்தின் தலையில் போட்டு, இடுப்பில் கயிறு சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவது. இரண்டும் தப்பு. பிளாஸ்டிக் இலையைத் தொடுகிற இடமெல்லாம் கருகும். போர்வை மரத்துக்குச் சூடு தருவதில்லை, மண்ணிலிருந்து எழும் சூட்டைத்தான் பிடித்துவைக்கிறது. கீழே கட்டி அடைத்துவிட்டால் அந்தச் சூடு உள்ளே வரவே வராது. கன்றைச் சுற்றி நாலு கழி நட்டு, கழியின் மேல் துணியைப் போட்டு, தரை வரை தொங்கவிட்டு, ஓரத்தில் கல் வையுங்கள். துணி இலையைத் தொட வேண்டாம். நர்சரியில் விற்கும் வெள்ளை ஃப்ராஸ்ட் கவர் வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால் நாள்கணக்கில் அப்படியே விடலாம். கோணிச் சாக்கு, பழைய வேட்டி, பருத்திப் புடவை எல்லாம் உதவும், ஆனால் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு மண் சூடாக இருக்கும்போதே போட்டு, காலை ஒன்பதுக்கு எடுக்க வேண்டும். கோயில் ஸ்டோர் ரூமில் பழைய மாடல் குண்டு பல்ப் சரம் இருந்தால் உள்ளே தொங்கவிடலாம், துணியில் படாமல். எல்இடி சரம் அழகுக்குத்தான், அதில் சூடு இல்லை. அகல் விளக்கை மட்டும் தயவுசெய்து துணிக்கடியில் வைக்காதீர்கள். மரத்தடியில் கற்பூரம் ஏற்றுவதையே நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியவன் நான், அதை வேறொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் நம் ஊர் வழக்கம் இங்கே உண்மையிலேயே பயன்படும். இலை கொட்டியபின் இளந்தண்டில் நேர் வெயில் பட்டு, இரவில் சடக்கென்று குளிர்ந்தால் பட்டை வெடிக்கும். வெள்ளை பூசினால் சூடு ஏறாது. சுண்ணாம்பு பூசலாம், அல்லது தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசலாம். ஆனால் சில கோயில்களில் மதில் சுவருக்கு வாங்கிய எனாமல் பெயின்டிலேயே மரத்துக்கும் காவியும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கிறார்கள். மரத்தின் பட்டை மூச்சு விடும் திசு. எண்ணெய்ப் பெயின்டை அதன்மேல் பூசாதீர்கள். பட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் காவிக்கல்லையும் சுண்ணாம்பையும் குழைத்துப் போடுங்கள், கோயிலுக்கும் அதுதான் பொருத்தம்.

வீடியோ பார்த்துத் தோட்டம் போடும் இளைஞர் அணியினருக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காக்காரர் "தெற்குப் பார்த்த சுவர் ஓரம் வையுங்கள்" என்றால் நமக்கு அது வடக்குப் பார்த்த சுவர். இங்கே குளிர்கால சூரியன் வடக்கில் சாய்ந்து போகிறது. தெற்குச் சுவரின் நிழலில் வைத்த தொட்டிக்கு ஜூன் முழுக்க ஒரு மணி நேர வெயில்கூடக் கிடைக்காது. கிழக்குப் பக்கமும் கொஞ்சம் ஆபத்துதான், உறைந்த இலையில் காலை வெயில் சுள்ளென்று விழுந்தால் சேதம் அதிகம். மாதங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் அக்டோபரில் செய்யச் சொல்வது நமக்கு ஏப்ரலில்.

இடத்தையும் பார்க்க வேண்டும். நம்முடைய பழைய கோயில்கள் பல ஓடைக்கரையிலோ பள்ளத்திலோ அமைந்தவை. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அந்தப் பள்ளத்தில் ப்ரீகாஸ்ட் கான்கிரீட் பலகை மதிலும் இடைவெளியில்லாமல் எழுப்பிவிட்டால் அது வெளியே போக வழியில்லை. வளாகத்தின் தாழ்ந்த மூலையில் வைத்த கன்றுகள் மட்டும் வருஷா வருஷம் சாகிறதென்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மதிலின் அடியில் இரண்டு மூன்று பலகையை எடுத்துக் கம்பி வலை போடுங்கள். அல்லது அந்த மூலையில் குளிருக்கு அஞ்சாத உள்ளூர் மரம் ஒன்றை வைத்துவிடுங்கள். கரீ மரமோ காட்டு ஆலிவோ நட்டால் நிழலும் தரும், நம்மைத் தொந்தரவும் செய்யாது. எல்லா மரமும் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த ஆகமத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. குருக்கள் ஐயாமார் மன்னிக்க.

வெட்டிய கிளைகளைப் பற்றி ஒரு சங்கதி. ஷாட் ஹோல் போரர் என்ற வண்டு, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், 2017-இல் பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்டது. ஜோகன்னஸ்பர்க்கின் தெருவோர ஓக், பிளேன் மரங்களை அது படுத்திய பாடு ஊருக்கே தெரியும். தன்னோடு ஒரு பூஞ்சையைக் கொண்டுபோய் மரத்துக்குள் வளர்க்கிறது, அந்தப் பூஞ்சை நீரோட்டத்தை அடைத்துவிடுகிறது. அது ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நாம் ஏற்றிச் செல்லும் விறகில்தான். ஹோமத்துக்கும் சமையலுக்கும் பக்கி வண்டியில் டர்பனுக்கும் இங்கேயுமாக மரக்கட்டை போய்வருவதை நிறுத்துங்கள். வளாகத்தில் வெட்டியதை வளாகத்திலேயே சிறு துண்டுகளாக அரைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வேகவிட்டுப் பிறகு பயன்படுத்தலாம். தண்டில் பேனா முனை அளவில் வட்டமான துளைகளும் சுற்றிலும் கறையும் தெரிந்தால் நகராட்சிக்குச் சொல்லுங்கள்.

ஆக, நான் கேட்பது இதுதான். இந்த மாதக் கூட்டத்தில் மே மாத வெட்டை ரத்து செய்து, செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றித் தீர்மானம் போடுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதே ஆளை அப்போது வரச் சொல்லலாம், அவர் எங்கும் போய்விட மாட்டார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் இருக்கும் என்பதால் வாரநாள் ஒன்றைக் குறியுங்கள். வெட்டுவதற்கு முன் கிளைகளில் குருவிக் கூடு இருக்கிறதா என்று ஒருவர் சுற்றிப் பார்த்துவிடட்டும். அதுவரை ஒவ்வொரு கோயிலிலும் தண்ணீர் ஊற்றவும் துணி போடவும் இருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவரை மட்டும் போட்டால் அவர் டர்பன் போகும் வாரத்தில்தான் உறைபனி இறங்கும்.

கழி நடவும் கூடாரம் கட்டவும் கையாள் வேண்டுமென்றால் மே மாதச் சனிக்கிழமைக் காலைகளில் நான் வருகிறேன். ஏணியும் சுத்தியலும் என்னிடம் இருக்கின்றன. கழி, பழைய வேட்டி, பத்துப் பன்னிரண்டு செங்கல் இவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். எந்தச் சனிக்கிழமை என்பதைக் கூட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
லெனேசியாவிலிருந்து,
உங்கள் கோயில்களுக்கு வந்துபோகும் ஒரு தோட்டக்காரன்